கண்ணாடி ஓரத்துச் சிவப்புக் கோடு

இன்று சாயங்காலம் மகள் நகச்சாயத்தை அழித்துக்கொண்டிருந்தாள். பஞ்சிலிருந்து அசிட்டோன் வாசனை கிளம்பியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். அந்த வாசனைக்குள்தானே நாம் இருவரும் நான்கு வருடம் குடித்தனம் நடத்தினோம்!

திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் நமக்கு ஒரே மேசை. சூடாக இருக்கும்வரை ஒன்றாகக் கலந்திருக்கும் இரண்டு திரவங்கள், ஆறினால் பிரிந்துகொள்ளும். அந்தப் பிரிவைப் படம் எடுப்பது நம் வேலை. ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தோம். நடுவில் அது திட்டுத்திட்டாகப் பிரியும். குப்பியின் கண்ணாடிச் சுவரை ஒட்டியோ, ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்புக் கோடு. அசிட்டோன் விட்டுக் குப்பிகளைக் கழுவுகிறவள் நீ. பழியும் உன் தலையில் விழுந்தது.

“ஒழுங்கா கழுவினியாடீ? ஓரமெல்லாம் அழுக்கு,” என்றேன்.

“அழுக்கு இல்லடீ. கண்ணாடிக்குச் சிவப்பு இஷ்டமாக்கும், கேட்டியா. பிரியுறதே அங்கேருந்துதான் தொடங்குது,” என்றாய்.

கண்ணாடிக்கு இஷ்டமாம்! நான் சிரித்தது உனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். மறுநாள் ஒரு குப்பியின் உட்சுவரில் மெல்லிய பூச்சு ஏற்றி, அதே கலவையை ஊற்றிப் படம் எடுத்து, பூச்சில்லாத குப்பியின் படத்தோடு சேர்த்து நீட்டினாய். அறிக்கை அனுப்பும் அவசரத்தில் நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. எல்லாப் படங்களிலும் ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் அனுப்பினேன்.

“செரி, வெட்டிக்கோ,” என்றாய். அதன்பின் ஒரு வாரம் நீ என்னோடு சாயா குடிக்க வரவில்லை. பிறகு காய்ச்சல் என்று நாகர்கோவிலுக்குப் போனாய். அங்கிருந்து நீ திரும்பவில்லை; நீ போய்விட்டாய் என்று உன் அண்ணனின் போன்தான் வந்தது.

உன் இழுப்பறையைக் காலி செய்தபோது அந்த இரண்டு படங்களும் கிடைத்தன. வெறும் கண்ணாடியில் சிவப்புக் கோடு. பூச்சுள்ள கண்ணாடியில் சிவப்பு சுவரை விட்டு விலகியிருந்தது. ஓரத்தில் சாயம் ஏற்றாத மற்றத் திரவத்தின் நிறமில்லாத கோடு. நானே குப்பி கழுவி, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். நீ சொன்னதேதான். நடுவில் திட்டு தெரிவதற்கு முன்பே, சுவர் தனக்கு வேண்டியதைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறது. அறிக்கையைத் திருத்தி, உன் பெயரை முதலில் போட்டு அனுப்பினேன். ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்று அன்று அழுதேன்.

“அம்மா, ஓரத்துல மட்டும் போகவே மாட்டேங்குது,” என்று மகள் விரலை நீட்டினாள். நகத்தின் விளிம்பில் மெல்லிய சிவப்பு.

சரியாகத் துடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அவள் கையைப் பிடித்து விளக்கருகே கொண்டுபோய் முதலில் பார்த்தேன்.