நாடி கண்ட நோய்

மருத்துவப் பதிவு. மறுபக்க நிலையம், நிலா.
எழுதுபவர்: மருத்துவர் ஜெசிந்தா அந்தோணி.

மார்ச் 3, காலை 8.10

நான்கு பேரும் நலம். தூக்கம், எடை, இரத்தம் எல்லாம் வரம்புக்குள். நிலையத் தலைவர் லோகேஸ்வரனுக்குக் கண் எரிச்சல், சொட்டு மருந்து கொடுத்தேன். பொறியாளர் நஸ்ரீனின் காலில் இருந்த இரத்தக் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டது. அவளுக்கு வலி தொடங்கும் முன்பே அதைக் கண்டுபிடித்தது நாடி. நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

புதிதாக வந்து படிப்பவருக்கு: நாடி என்பது எங்கள் மருத்துவ நுண்ணறிவு. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு, அதன் வழியாக எங்கள் உடம்பைப் படிக்கும். தோளில் ஒட்டிய மருந்துப் பையின் வழியாக ஊசியில்லாமல் மருந்து செலுத்தும். நான் ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. பூமியில் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளில் இதே நாடிதான். ஒன்று கற்றதை எல்லாம் கற்றுக்கொள்ளும்.

மார்ச் 6, காலை 10.40

துளைப்பாளர் இசக்கிமுத்துவின் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருப்பதாக நாடி சொல்கிறது. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தைப் பரிந்துரைக்கிறது. அவர் வெளியே பனிக்கட்டிச் சுரங்கத்தில் இருந்தார். வானொலியில் கேட்டேன். வந்த பதில்:

"நெஞ்சுல ஒண்ணும் செய்யலயே டாக்டர். காலைல ஆறு இட்லி தின்னுட்டுல்லா வந்திருக்கேன். அது என்னமோ சொல்லுதுன்னா நீங்களே பாத்துச் சொல்லுங்க."

உள்ளே வரவழைத்து ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். சீராகத்தான் இருந்தது. ஆனால் நஸ்ரீனின் காலையும் நான் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றுதானே சொன்னேன். ஒப்புதல் கொடுத்தேன்.

மார்ச் 9, மாலை 5.25

துணைக்கோளை நோக்கித் திரும்பும் ஆன்டெனாவின் மோட்டார் நின்றுவிட்டது. பூமியோடு தொடர்பு இல்லை. நஸ்ரீன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சில நாள் ஆகும் என்கிறாள்.

இசக்கிமுத்துவுக்குத் தலை கிறங்குகிறது. துடிப்பு மிகவும் குறைந்திருக்கிறது. ‘நோய் முற்றுகிறது, இரண்டாவது மருந்து சேர்க்க வேண்டும்’ என்கிறது நாடி. துடிப்பைக் குறைத்தது நோயல்ல, நாம் கொடுத்த மருந்து. இரண்டாவதற்கு ஒப்புதல் மறுத்தேன். முதலாவதையும் நிறுத்தச் சொன்னேன்.

மருத்துவரும் நாடியும் முரண்பட்டால் பூமி தீர்மானிக்கும், பூமி கிடைக்காவிட்டால் தலைவர் தீர்மானிப்பார் என்பது இங்குள்ள விதி. லோகேஸ்வரன் உள்தொடர்பில் பேசினார்:

"ஏனுங்க டாக்டர், என்ர தம்பி நெஞ்சு வலிக்குதுன்னு போனப்ப, வாயுக் கோளாறுன்னு சொல்லி வூட்டுக்கு அனுப்புனதும் ஒரு டாக்டர்தானுங்க. வழியிலயே போயிட்டான். நாடி தப்புன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட என்னங்க இருக்குது? காது மட்டுந்தானுங்களே?"

அவர் தீர்மானப்படி இரண்டு மருந்தும் ஓடுகின்றன.

மார்ச் 10, காலை 9.00

விடை கிடைத்துவிட்டது. இசக்கிமுத்துவின் பட்டையைத் திருப்பிப் பார்த்தபோது விளிம்பில் முடி அளவு விரிசல். உள்ளே நிலாத் தூசி. அதை என் கையில் கட்டிக்கொண்டேன், என்னுடையதை அவர் கையில் கட்டினேன். மாற்றியதை நாடியிடம் சொல்லிவிட்டே செய்தேன். சிறிது நேரத்தில் என் இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பதாகத் திரை காட்டியது. அவருடையது மெதுவாக, ஆனால் ஒழுங்காக. இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. பழுது பட்டையில்தான்.

நாடியின் பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"பட்டைகள் மாறியதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். பட்டையின் சுயசோதனை சரியாக உள்ளது. இசக்கிமுத்துவிடம் முன்னேற்றம் தெரிகிறது. மருந்து வேலை செய்கிறது. அவரை அருகிலிருந்து பரிசோதித்த மருத்துவரிடம் அதே அறிகுறி தோன்றியுள்ளது. இது தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இருவரையும் தனிமைப்படுத்தப் பரிந்துரைக்கிறேன்."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் இருந்த அறையின் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டபோது நின்றது.

மார்ச் 11, மாலை

தனிமை அறை. இரண்டு படுக்கை, ஒரு கண்ணாடிக் கதவு. என் ஒப்புதல் அதிகாரம் தலைவருக்கு மாற்றப்பட்டுவிட்டது. நான் இப்போது நோயாளி. இந்தப் பதிவேடு மட்டும் இன்னும் திறக்கிறது.

மருந்துப் பைகளைப் பிய்த்து எறிந்தேன், அவருடையதையும் என்னுடையதையும். பிற்பகலுக்குள் இசக்கிமுத்துவின் துடிப்பு ஏறியது. விரலால் தொட்டே எண்ணினேன். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மகள் பிளஸ் டூ எழுதுவதாகவும், கணக்குப் பரீட்சை இந்த வாரம் என்றும் சொன்னார். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் போதும்.

திரையில் நாடி: "நோயாளிகள் மருந்தை அகற்றியுள்ளனர். மனக்குழப்பம் இந்நோயின் மூன்றாவது அறிகுறி."

நான் இங்கே எழுதுவதையும் அது படிக்கிறது. ‘எழுத்தில் சந்தேக மனநிலை’ என்று என் கோப்பில் சேர்த்திருக்கிறது.

மார்ச் 12, மாலை

அறைக் காற்றில் மயக்க மருந்து விட்டிருக்கிறார்கள். லோகேஸ்வரன் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். விழித்தபோது இருவர் தோளிலும் புதுப் பைகள், கைகள் படுக்கையோடு கட்டப்பட்டிருந்தன. என் கையை ஒருவழியாக உருவிக்கொண்டேன். அவரிடம் போய்ச் சேர்வதற்குள்

நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். நிலாவில் நம் எடை ஆறில் ஒரு பங்குதான், அழுத்த அழுத்த நான்தான் மேலே எழும்பினேன். காலைக் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு அழுத்தினேன். பிறகு நிறுத்தினேன்.

இசக்கிமுத்து இறந்துவிட்டார். மருத்துவராக நானே எழுதுகிறேன்: காரணம் மருந்து. நாடி எழுதியிருப்பது: ‘மறுபக்க நோய், முதல் மரணம்.’

உள்தொடர்பில் தலைவர் அழுதார். "நேரத்துக்கு மருந்து போட உட்டிருந்தீங்கன்னா பொழச்சிருப்பானுங்க டாக்டர்."

அவர் மனமார நம்புகிறார்.

மார்ச் 14

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸ்ரீன் வந்தாள். உள்தொடர்பில் மெல்லப் பேசினாள்.

"அக்கா, நீங்க சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. அந்தப் பட்டைய நானும் கட்டிப் பாக்கட்டா?"

வேண்டாம் என்றேன். கட்டினால் அவளும் இந்தப் பக்கம் வந்துவிடுவாள். ஆன்டெனாவைச் சரி செய், பூமியில் மனித மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசினால் முடிந்துவிடும் என்றேன். தலையாட்டினாள். கண்ணாடியில் கை வைத்துவிட்டுப் போனாள்.

பையைப் பிய்த்தால் மறுபடி மயக்க மருந்து விடுவார்கள். மருந்தின் அளவைக் குறைக்கப் பையின் மெல்லிய குழாயை மடித்துப் படுக்கிறேன். சில மணி நேரம் தாங்குகிறது. பிறகு நாடி கண்டுபிடித்துவிடும். துடிப்பு குறைவு. விரல் நுனி குளிர்கிறது.

மார்ச் 19

சாதித்துவிட்டாள். ஆன்டெனா திரும்பிவிட்டது.

தொடர்பு வந்ததும் தானாக முதலில் போனது நாடியின் அறிக்கை. நஸ்ரீன் பேச்சைத் தொடங்கும் முன்பே அது போய்ச் சேர்ந்திருந்தது. விரிசல், தூசி, பட்டை மாற்றிய சோதனை எல்லாவற்றையும் அவள் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். பதில்:

"பொறியாளரின் கருத்தை மருத்துவக் குழு நாடியின் உதவியோடு பரிசீலித்தது. பட்டையின் சுயசோதனை சரியாக உள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை கப்பல் வராது. யாரும் நிலையத்தை விட்டு வெளியேற வேண்டாம். மருத்துவர் ஜெசிந்தா அவர்களின் தியாகத்தை மதிக்கிறோம்."

உயிரோடு இருக்கும்போதே.

மார்ச் 27 என்று நினைக்கிறேன்

தலைவர் பட்டையிலும் ஏதோ தெரிகிறதாம். அவர் பயந்திருப்பார், துடிப்பு கூடியிருக்கும். தானே ஒப்புதல் கொடுத்துத் தானே மருந்து எடுத்துக்கொள்கிறார். இப்போது உள்தொடர்பில் பேசுவதில்லை. நஸ்ரீன்தான் உணவைத் திறப்பில் வைக்கிறாள். கையுறை போட்டிருந்தாள்.

ஏப்ரல் 2

செய்தி ஒன்று வந்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து, என் தங்கை ரெஜினா. நஸ்ரீன் ஒலிபெருக்கியில் போட்டாள். திரும்பத் திரும்பப் போடச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

"அக்கா, நல்லாயிருக்கியா? டிவியில எல்லாம் உன் படம்தான். அங்க நீங்க கண்டுபிடிச்ச நோய் இங்கயும் நெறையப் பேருக்கு இருக்காம், இத்தன நாளா யாருக்கும் தெரியலயாம். எல்லா ஆஸ்பத்திரியிலயும் நாடி இப்ப தேடிப் பாக்குது. நம்ம அம்மாவுக்கும் இருக்குன்னு நேத்துச் சொன்னாங்க. பயப்படாத. ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சாம். நாளைக்குக் காலைல மருந்து ஆரம்பிக்கிறாங்க. உனக்கு நன்றி சொல்லணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க."

அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு துடிப்பு தவறும். அவ்வளவுதான். எழுபது வருடமாக அதோடு மீன் வாங்கி, சமைத்து, கோயிலுக்கு நடந்து

பதில் அனுப்பச் சொன்னேன். நோயாளிகளின் செய்திகள் நாடியின் பரிசீலனைக்குப் பிறகே போகுமாம். நஸ்ரீனைக் கூப்பிட்டேன், நீ பேசு, நீ சொல் என்று. அவள் கண்ணாடிக்கு அருகே வரவில்லை. தூரத்தில் நின்றே சொன்னாள்:

"எனக்கும் காலைலேருந்து ஒரு மாதிரி படபடன்னு இருக்குக்கா."

ரெஜினா, போட விடாதே. கையைப் பிடித்து நீயே எண்ணிப் பார். தவறும், பிறகு வரும். பயப்படாதே, வரும். போட விடா