பிளெக்ஸில் போட்ட படிப்பு

அன்பு மகளுக்கு,

படிப்பை நிறுத்திட்டு வீட்டுக்கே வந்துடுறேன்னு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஊரையே கேலி பேசுகிற என் வாய் மரத்துக் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது பந்தல்குடி முழுக்கத் தெரிந்த செய்தி. நேற்று வடித்ததைக் கோழிகூடக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. அதற்காக நீ வர வேண்டாம்.

உன் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்க அருப்புக்கோட்டை போனேன். "மக பேருக்குப் பின்னாடி படிப்பு போடணும்ல மாமா?" என்றான் கடைக்கார ஜெயபாண்டி.

இதழியலும் உத்திசார் தொடர்பியலும் என்றேன்.

"அம்புட்டையும் போட்டா அத்தை முகத்தைச் சின்னதாக்கணுமே."

"ஆக்குடா. அவளும் அதைத்தான் சொல்லுவா."

இன்று பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். இன்னும் ஒரு வருசம் கிடக்கிற படிப்பை நீ முடித்துவிட்டதாகவே போட்டிருக்கிறான். மாற்றச் சொல்லவில்லை. பிளெக்ஸில் இருக்கிற அம்மாவைக் கடந்துதான் டீக்குப் போனேன், அழுகைகூட வரவில்லை.

பொய்ச் செய்தி போடக் கூடாதென்று எனக்கே பாடம் எடுப்பவள் நீ. அம்மா முகத்துக்குக் கீழேயே அப்படி ஒன்று போட்டாயிற்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு வா. முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அதை மெய்யாக்கு.

இப்படிக்கு,
குழைந்த சோற்றோடு
உன் அப்பா