பதினான்காவது வீடியோ

மாரெட்பள்ளி,
9.11.2024

அன்புள்ள சாம்பசிவம் மாமா,

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். மரியாதைக் குறைவாகத் தெரிந்தால் அம்மாவைக் கோபிக்காதீர்கள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

தசரா விடுமுறையில், கல்லூரிகளுக்கு வீடியோப் பாடம் விற்கும் உங்கள் கம்பெனிக்காக அம்மா புள்ளியியல் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தாள். தம்பி கேட்கிறானே என்று ஒரே நாளில் எட்டுப் பாடம்கூடப் பேசினாள். பதினான்காவது பாடத்தில், பத்துப் பேரின் மாதிரிக்கு மாறுபாடு காணும்போது, ஒன்றைக் குறைத்து ஒன்பதால் வகுக்க வேண்டிய இடத்தில், களைப்பில் பத்தால் வகுத்துவிட்டாள். மறுநாளே உங்களிடம் சொன்னாள். நீங்கள் திருத்தவில்லை. அதையே அவள் பாடம் நடத்தும் கல்லூரிக்கும் விற்றீர்கள்.

இன்று எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மாவின் பி.காம். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவள் நடத்தியபடி ஒன்பதால் வகுத்த நாற்பத்திரண்டு பேருக்கும், பயிற்சிக் கணக்கைத் திருத்தும் உங்கள் ஆப் பூஜ்யம் போட்டிருந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்து படிக்கும் முகமது யூசுப் அண்ணா எழுந்து, “போர்டுகிட்ட நிக்கிற மேடம் ஒன்பதுங்கறாங்க, வீடியோல இருக்கிற மேடம் பத்துங்கறாங்க. நாங்க எந்த மேடத்தை நம்பறது?” என்றார். வகுப்பே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

பரீட்சை டிசம்பரில். அதற்குள் திருத்துங்கள்.

சாருலதா

சென்னை,
15.11.2024

சாருக்கண்ணு,

பத்தாவது படிக்கிறவளுக்கு இவ்வளவு கோபமா? திருத்தினால், வாங்கிய பதினொரு கல்லூரிகளிடமும் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பரீட்சை நடத்துவதும் இதே ஆப்தான். அதனால் அக்காவும் பத்து என்றே நடத்தட்டும். பிள்ளைகளுக்கு மார்க்தானே வேண்டும்? பிரின்சிபாலிடமும் பேசிவிட்டேன். இனி வகுப்பில் வீடியோ ஓடும். அக்கா அட்டெண்டன்ஸ் எடுத்தால் போதும். அவளுக்கும் ஓய்வு.

பொங்கலுக்கு வருகிறேன். உனக்கு என்ன புத்தகம் வேண்டும், எழுது.

அன்புடன்,
மாமா

மாரெட்பள்ளி,
23.11.2024

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அதை வாங்கித் தானே இன்னொரு முறை படித்தாள். பிறகு, “என் குரலை வெச்சே என்னைப் பொய்யாக்கிட்டானே” என்றாள். பொங்கலுக்கு வராதீர்கள். இது அம்மா சொன்னதல்ல, நான் சொல்வது.

இன்றும் வகுப்புக்குப் போனேன். அட்டெண்டன்ஸ் எடுத்த பிறகு அம்மா உட்காரவில்லை. வீடியோ ஓடும் திரை மறைக்காத போர்டின் ஓரத்தில் அந்தக் கணக்கைப் போடத் தொடங்கினாள். எல்லோரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்கள். பிரின்சிபால் வாசலில் வந்து நின்றார். வெளிச்சத்தில் வீடியோ சரியாகத் தெரியவில்லை என்று பியூனிடம் மட்டும் சொன்னார். திரையில் அம்மா பத்தால் வகுத்துக்கொண்டிருந்தாள். போர்டில் அம்மா ஒன்பது என்று எழுதி முடிப்பதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

சாருலதா