நான் போனால் வரும் தண்ணீர்

மார்ச் 4
காலையிலேயே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "குழாயைத் திறந்தா வெறும் காத்துதான்டா வருது. குடிநீர் மந்திரியோட அக்கா குடத்தைத் தூக்கிட்டு லாரி பின்னால ஓடுறேன். நல்லாவா இருக்கு?"

நன்றாகவே இல்லை. அக்கா இருக்கும் அந்த வார்டுக்கு நான் உறுப்பினராக இருந்தபோது, வால்வு திறப்பவரை வண்டியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவேன். இருவரும் குழிக்குள் இறங்கித் திருகுவோம். தெருவே என்னை 'வால்வு' என்றுதான் கூப்பிட்டது. இப்போது மாநிலத்துக்கே அமைச்சராகி என்ன கிழித்தேன்? பூமிக்கடியில் குழாய் துருவேறி அடைத்துக்கிடக்கிறது, மொத்தமாக மாற்ற வேண்டும். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நேரில் பார்த்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

மார்ச் 9
போனேன். போயிருக்கவே கூடாது.

அக்கா வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது! எனக்கா தெரியாது? நான் வருவது தெரிந்து, அதிகாரிகள் சுற்றியுள்ள தெருக்களின் வால்வை எல்லாம் அடைத்துவிட்டு, மொத்த அழுத்தத்தையும் இங்கே திருப்பியிருக்கிறார்கள். அதற்குள் புகைப்படக்காரர், "சார், கையில பிடிங்க" என்றார். பிடித்தேன். கேமராவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சிரித்தும் தொலைத்தேன்.

"ஊருக்கு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடா" என்றாள் அக்கா. காபி கூடத் தரவில்லை.

மார்ச் 10
நின்றுவிட்டதாம். அக்கா சொல்லவில்லை, எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொன்னார்.

மார்ச் 22
யாருக்கும் சொல்லாமல் கிளம்பினேன். எங்கே போகிறோம் என்று ஓட்டுநரிடமே பாதி வழியில்தான் சொன்னேன். போய்த் திறந்தால் — தண்ணீர்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "நீங்க எங்க போனாலும் நான் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லியாகணும் சார். அவங்க தண்ணி அதிகாரிங்களுக்குச் சொல்லிடுவாங்க. இல்லேன்னா என் வேலை போயிடும்." அவரைத் திட்டி என்ன பயன்? வறண்ட குழாயை ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்னால் மட்டும்தான் முடியாது.

ஏப்ரல் 6
புதுக் குழாய்க்கான கோப்பை நிதித்துறை திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? 'அமைச்சர் இருமுறை நேரில் பார்வையிட்டபோது தண்ணீர் தடையின்றி வந்தது.' கூடவே என் சிரித்த படம்.

"அந்தப் படமே பொய்ங்க!" என்று கத்தினேன்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார்: "அப்படியே எழுதித் தரீங்களா சார்? அமைச்சரையே அதிகாரிங்க ஏமாத்தினாங்கன்னு?"

எழுதினால் சட்டமன்றத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். மேலே இருப்பவர் ஏற்கெனவே என் மேல் கடுப்பில் இருக்கிறார். எழுதவில்லை. கையாலாகாதவன், வேறென்ன சொல்ல?

மே 11
அக்கா இத்தனை நாள் கழித்துப் பேசினாள். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். வாராவாரம் வரேன்னு மட்டும் சொல்லு. வராதே."

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். திங்கள்கிழமை நிகழ்ச்சி நிரலில் அக்கா தெருவைச் சேர்க்கச் சொன்னேன். கடைசி நேரத்தில் ரத்து செய்துவிடுவேன்.

மே 18
தண்ணீர் வந்ததாம். குடம், அண்டா, வாளி எல்லாம் நிரப்பிவிட்டார்களாம். என் இத்தனை வருட அரசியலில் உருப்படியாகச் செய்தது இதுதான் போலிருக்கிறது, போகாமல் இருந்தது! பக்கத்துத் தெருக்காரர்கள் என்னைச் சபிக்கிறார்களாம். அவர்கள் பங்குதானே அக்கா தெருவுக்கு வருகிறது? நியாயம்தான்.

ஜூன் 3
தையல்காரம்மா மகளுக்குக் கல்யாணம். "புதன்கிழமை வரேன்னு சொல்லிடுங்க தம்பி. நிஜமா வந்துடாதீங்க, கூட்டம் தாங்காது" என்றார். சிரித்தேன். பிறகு புதன்கிழமை நிகழ்ச்சி நிரலில் அந்தத் தெருவைச் சேர்க்கச் சொன்னேன்.

ஜூலை 15
பதவி போயிற்று. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 20
பேருந்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தெருமுனையில் லாரிக்காக வரிசை நின்றது. யாரோ ஒரு பெரியம்மா, விஷயம் தெரியாதவர், என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்: "அடியே, வால்வு வந்துட்டான்! போய்க் குழாயைத் திறங்கடி!" வரிசையிலிருந்து நாலைந்து பேர் குடத்தோடு வீட்டுக்கு ஓடினார்கள். பதவி போனது தெரிந்தவர்களும்தான் ஓடினார்கள்.

ஒவ்வொருவராக வெறும் குடத்தோடு திரும்பி வந்தார்கள். விட்டுச் சென்ற இடம் பறிபோனதால் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள்.

அக்கா வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று. திறந்தபடியே நின்றேன்.

"பாத்துட்டியா?" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. காபி கொடுத்தாள். குடித்து முடித்ததும் ஒரு குடத்தை என் கையில் கொடுத்தாள்.

"போய் நில்லு. லாரி வர்ற நேரம்."