‘உஸ்’ திரும்பி வந்த வாரம்

12 ஜூன் 2001, செவ்வாய்

“உங்க பிசிக்ஸ்ல ஒரு பல்பாவது எரிஞ்சிருக்கா மாமா?” என் கல்யாணத்தன்று மனைவி ரோஸின் தம்பி அருள் கேட்டது. பள்ளியில் பாடம் நடத்தி ரிடையரும் ஆகிவிட்டேன், ஒரு பல்பும் எரியவில்லை. இன்று தூறலில் நனைந்துகொண்டு அவனே வந்தான். வி.ஆர்.எஸ். வாங்கி பெங்களூர் பொம்மசந்திராவில் ஷெட் போட்டவன். ஆஸ்பத்திரிக்கு இதயத்துடிப்பு காட்டும் கருவி செய்கிறான். சோதனைக்கூடத்தில் ஃபெயில். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்குத் தாளம் போடும் கிளாக் சிக்னல் ரேடியோ அலையாக வெளியே கசிகிறதாம். வெள்ளி மறுசோதனை. அதிலும் போனால் ஷெட்டுக்குப் பூட்டு.

13, புதன்

துணி காயவில்லை. ரோஸின் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு ஷெட்டுக்குக் கிளம்பினேன். “உடைச்சீங்க, ராத்திரி சோறு கிடையாது” என்றாள்.

கிளாக் 20 மெகாஹெர்ட்ஸ். அதன் ஐந்து மடங்கு 100-லும் கசியும். எஃப்.எம்.மில் 100-ல் நிலையம் இல்லை, வெறும் ‘உஸ்’. போர்டுக்கு அருள் புதிதாகத் தகர மூடி போட்டிருந்தான். கரண்ட் கொடுத்ததும் ‘உஸ்’ நின்றது.

“ஹோய்த்து! சத்தம் போயிடுச்சு சார்!” சாலிடர் வைக்கும் மஞ்சுளா. அருள் கைதட்டினான். நானும்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. இரைந்துகொண்டிருந்த வகுப்பு சட்டென்று அடங்கினால் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்றா அர்த்தம்? வாசலில் ஹெட்மாஸ்டர் நிற்கிறார் என்றுதான்! எஃப்.எம்.மில் வலுவான அலை ஒன்று வந்து உட்கார்ந்தால் ‘உஸ்’ அடங்கிவிடும். ‘உஸ்’ஸை அடக்கியதே கிளாக்தான். முட்டாள் நான்.

14, வியாழன்

வெயில். காலையில் முதல் பஸ்.

“சத்தம் இல்லன்னாலும் தப்பா மாமா?” அருளுக்கு அழுகையே வந்துவிட்டது.

போர்டைத் திருப்பிப் பார்த்தோம். கிளாக் லைனுக்கு நேர் கீழே, மின்சாரம் திரும்பி வரும் கிரவுண்ட் செம்புத் தகட்டில் ஒரு வெட்டு. போன மின்சாரம் அதே வழியில் திரும்ப முடியாமல் ஊர் சுற்றுகிறது. நம் ஒன்வே மாதிரி. சுற்றுகிற அந்த வளையமே ஆன்டெனா. வெட்டின் மேல் செம்புப் பட்டை, பாலமாக. கிளாக் கிளம்பும் இடத்தில் சின்ன ரெசிஸ்டர், ரோட்டு ஹம்ப் போல, பாய்ச்சலைக் குறைக்க.

ஒரு ஜாண் பக்கத்தில் ரேடியோ. ‘உஸ்ஸ்ஸ்’. கரண்ட் கொடுத்தும் நிற்கவே இல்லை!

“இப்ப சத்தம் வருது சார். சிரிக்கணுமா, அழணுமா?”

“சிரி மஞ்சுளா!”

15, வெள்ளி

மதியம் போன். ரோஸ் எடுத்து என் காதில் வைத்தாள்.

“மாமா, பாஸ்! பல்பு எரிஞ்சிடுச்சு!”

ரோஸ் கேசரி கிளறுகிறாள். டிரான்சிஸ்டர் பத்திரம்.

மறக்காமலிருக்க: கிளாக்கின் மடங்கில், நிலையமில்லாத எண்ணில் ரேடியோவை வை, ஓடும் போர்டைப் பக்கத்தில் கொண்டு வா, ‘உஸ்’ நின்றால் கைதட்டாதே.