சாயா கிளாஸ் இருந்த பக்கம்

இன்று காலை சோதனை அறையில், கணினித் திரைக்கு வலது பக்கம் யாரோ ஒரு சாயா கிளாஸை வைத்திருந்தார்கள். பார்த்ததும் எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண் "என்ன சேச்சி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நீ இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாய்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. பால் பாக்கெட்டையே இரண்டு முறை முகர்ந்து பார்ப்பவள் நான். "ஒருத்தர் சிரிச்சாக்கூட ஏன் சிரிச்சார்னு உனக்கு ரிப்போர்ட் வேணும், அல்லே?" என்று கேலி செய்வாய்.

ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்காரர்கள் தங்கள் மாத இதழின் பக்கங்களைத் தாங்களே அடுக்கிக்கொள்ள நம் அலுவலகம் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. படம், செய்தி, கூட்ட அறிவிப்பு எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். மவுஸால் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட வேண்டும். அந்தத் திரையை வடிவமைத்தது நான். பழகாதவர்களை உட்கார வைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதுவது உன் வேலை. எந்த விதத்திலும் அவர்களுக்கு உதவக் கூடாது என்பது அதில் முதல் விதி.

ஐந்து பேர் வந்தார்கள், ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய எனக்குச் சந்தேகம்தான் வந்தது. என் அம்மாவுக்கே பிடிபடாத திரை இவர்களுக்கு மட்டும் எப்படிப் பிடிபட்டது? நீயும் ஒரு திரை வரைந்து கொடுத்திருந்தாய்; அதை ஒதுக்கிவிட்டுத்தான் நம் மேலாளர் சார் என்னுடையதை எடுத்திருந்தார். என் திரை குறையோடு வெளியே போய் என் பெயர் கெட வேண்டும் என்றுதான் எல்லோரையும் எப்படியோ முடிக்க வைத்துவிடுகிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆறாவது ஆள் வந்த அன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். கிழக்கேகோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட் அவர். கூட்ட அறிவிப்பைப் பிடித்து இழுத்தார். மற்றக் கட்டங்கள் வழிவிட்டு விலகியதும் பதறி மவுஸை விட்டார்.

"படம் தானா நகருதே மோளே. நான் ஒண்ணும் தொடல்லை கேட்டோ."

"பரவால்லை மாமா. சாயா ஆறுது, குடியுங்கோ."

வருகிறவர்களுக்கு முதலில் சாயா கொடுப்பது உன் வழக்கம். அந்தக் கிளாஸை நீ திரையின் வலது ஓரத்துக்கு நகர்த்தினாய். அதை எடுக்கத் திரும்பியவர் கண்ணில், அங்கே காலியாக இருந்த இடம் பட்டது. மறுபடி இழுத்து அங்கேயே விட்டார். "கொள்ளாம், நல்லா செஞ்சிருக்கேள்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டும் போனார். பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். ஐந்திலும், ஆள் தடுமாறிய இடத்தில்தான் சாயா ஆறியது.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேரே சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கூப்பிட்டு விசாரித்தபோது, "ஆமா சார், தப்புதான்" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. உன்னை வாடிக்கையாளர்களின் போன் எடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். மறுசோதனையில் ஆறு பேரில் ஐந்து பேரால் முடியவில்லை. குறையை நானே வந்து சொன்னேன் என்பதால் எனக்கு நேர்மையானவள் என்ற பெயரும், திருத்த ஒரு மாத அவகாசமும் கிடைத்தன. மவுஸை விடும்வரை மற்ற எந்தக் கட்டமும் அசையாதபடி மாற்றினேன், திரை தேறியது. நம் பேச்சு மட்டும் நின்றுபோனது. கேன்டீனில் நீ இருந்த மேஜைப் பக்கமே நான் வந்ததில்லை.

போன வருடம் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்ரீவராகத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சார் சொன்னார்: "அந்த மொத டெஸ்ட் தோத்திருந்தா உன்னை வேலையை விட்டு நிறுத்தறதா இருந்தது. அவளுக்கு மட்டும் அது தெரியும்."

பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதேன். அழுதுகொண்டே, இது நிஜந்தானா, இல்லை இறந்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி வைக்கிறாரா என்றும் யோசித்தேன். என் புத்தி எப்படிப் போகிறது பார்.

இப்போது உன் பழைய சோதனை வேலையை நான்தான் பார்க்கிறேன். வருகிறவர்கள் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ ஏன் அன்றே என்னிடம் சொல்லவில்லை என்று அந்த நேரங்களில் கேட்டுக்கொள்வேன். பதில் எனக்குத் தெரியும். "உனக்காகத்தான் செஞ்சேன்" என்று நீ சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருந்தது.