எண்பதில் வெடித்த பாட்டில்

ஏனுங்க,

இன்று காலை மேலக்காட்டுக்காரர் நம் வாசலோரம் நின்று தன் சைக்கிளுக்குக் காற்றடித்தார். நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பம்புச் சத்தம் காதில் விழுந்ததும் துடுப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். வாய் தன் பாட்டுக்கு ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணுகிறது. அவர் பயந்துபோய், "ஏனக்கா, ஊட்டுல ஏதாச்சும் ஆகிப்போச்சா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று உள்ளே வந்தேன். களி அடிப்பிடித்துக் கிடந்தது.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. பம்புச் சத்தம் கேட்டால் இன்னும் எண்ணத்தான் செய்கிறேன். நீங்கள்தான் போனீர்கள், பயம் போகவில்லை. உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயமும் போகவில்லை. அதை எழுதி முடிக்காமல் இன்று எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படித்தான் அந்தக் கிறுக்கு உங்களைப் பிடித்ததோ! நாற்பத்தாறு வயதில், சர்க்கரை வாங்கி வரச் சொல்லி சேந்தமங்கலத்துக்கு அனுப்பிய மனிதர், அக்கா மகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போய்விட்டு, சர்க்கரை இல்லாமல் இரண்டு காலி சோடா பாட்டிலோடு பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். பிள்ளைகள் பாட்டிலை ராக்கெட்டாக விட்டார்களாம். "கொஞ்சம் தண்ணி, மீதி காத்து. உள்ளாற ரெண்டுக்கும் சண்டை மூட்டி உட்டாப் போதும் புள்ள, மானத்துக்குப் போவுது" என்றீர்கள். "சக்கரை எங்கீங்க?" என்றேன். "அட ஆமா" என்று தலையைச் சொறிந்தீர்கள். மூன்று நாள் சர்க்கரையில்லாத வரக்காப்பிதான் குடித்தோம்.

உங்களுக்கு இருந்தது ஒரே கண். இடது கண்ணை வரப்போரத்துச் சில்வர் ஓக் மரம் வாங்கிக்கொண்டது. ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறிக்கும்போது அதன் காய்ந்த குச்சி குத்தியது. சேலத்து டாக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இருக்கிற கண்ணைப் பார்த்துக்கம்மா. அது போனா எதுவும் இல்ல." அன்றிலிருந்து உங்கள் வலது கண்ணுக்கு நான் காவல்காரி. கோழி இறக்கையடித்தால்கூடக் கத்துவேன். அப்படிப்பட்டவள் வீட்டில் காற்றடைத்த பாட்டில்!

முதல் ராக்கெட் உங்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் மூடியில் ஓட்டை போட்டு சைக்கிள் டியூப் வால்வைச் செருகினீர்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மூடியை இறுக்கி, மூன்று கல்லுக்கு நடுவே தலைகீழாக நிறுத்தி, பம்பை மாட்டி அடித்தீர்கள். அது மேலே போகவில்லை. படுத்துக்கொண்டே மரவள்ளிக்குள் பாய்ந்தது. வேட்டியெல்லாம் தண்ணீர். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் அது உங்கள் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்று உறைத்தது.

விட்டீர்களா? இல்லை. நேராகப் பறக்க வேண்டுமென்று காலண்டர் அட்டையில் செட்டை வெட்டி வால்பக்கம் ஒட்டினீர்கள், அது நனைந்து தொங்கிப்போனது. உடைந்த வாளியை வெட்டி மூன்று செட்டை வைத்தீர்கள், நின்றது. ஆனாலும் மேலே போய்க் குட்டிக்கரணம் போட்டது. ராக்கெட்டின் மூக்கில், அதாவது மேலே நிற்கும் பாட்டில் அடியில், ஒரு உருண்டை களிமண்ணை அப்பினீர்கள். அன்றைக்குத்தான் நேராகப் போனது. சின்னப் பிள்ளை மாதிரி மரவள்ளிக் காட்டைச் சுற்றி ஓடி வந்தீர்கள். பிறகு பிளம்பிங் பைப்பை நட்டு, பாட்டில் கழுத்தைக் கவ்விப் பிடிக்க வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை வைத்து, அதன் மேல் ஒரு வளையம் போட்டீர்கள். கயிற்றை இழுத்தால் வளையம் இறங்கும், பிடி விடும், ராக்கெட் கிளம்பும். கயிறு இருபது தப்படி நீளம் இருக்க வேண்டும், கண்ணாடி போட வேண்டும், இவை என் சட்டங்கள். நம் மலைப் பனிக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். நான் பார்க்காத நேரம் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவீர்கள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

ஒரு நாள் கோபத்தில், "இதுல என்னதான் இருக்குதுங்க?" என்று கேட்டேன். வரப்பைக் காட்டினீர்கள். "கண்ணைக் குத்துன மரத்தை ஒரே ஒரு தடவை தாண்டோணும் புள்ள. அப்பறம் உட்டர்றேன்" என்றீர்கள். பம்பில் காற்றழுத்தம் காட்டும் முள் அறுபதைத் தொடும்வரை அடித்தால் ராக்கெட் மரத்தின் முக்கால் உயரம் போனது. எண்பது அடித்தால் தாண்டிவிடும், நல்ல சோடா பாட்டில் அதற்கு மேலேயே தாங்கும் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள்.

கீறலில்லாத பாட்டில் ஒன்றுதான் கிடைத்தது. அதில் தேன் இருந்தது. நம் மலையில் தேன் எதில் வரும், சோடா பாட்டிலில்தானே. "தேனைச் சட்டியில ஊத்திட்டுக் கழுவி வெய்யி. சுடுதண்ணி மட்டும் ஆகாது புள்ள, பாட்டிலு இளகிப் போயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குப் போனீர்கள்.

பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். பிசுக்குப் போகவில்லை. எறும்பு வேறு மொய்த்துக்கொண்டு வந்தது. அடுப்பில் உலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு மொண்டு ஊற்றினேன். பாட்டில் கையிலேயே நெளிந்தது. அடிப்பக்கம் லேசாகச் சுருங்கி வெளுத்துப்போனது. பதறிப்போய்க் கொட்டினேன். நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. தெரியவில்லையே, போதாதா என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். மூக்குக்குக் களிமண் அப்பியதில் சுருக்கம் மறைந்தே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரவள்ளி பிடுங்கிய காட்டில் நாம் இருவர் மட்டும். நீங்கள் அடித்தீர்கள். முள் ஐம்பது, அறுபது, எழுபது என்று ஏறியது. நான் முள்ளைப் பார்க்கவில்லை, தலைகீழாக நின்ற பாட்டிலின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதில் நிறுத்திவிட்டு இருபது தப்படி தள்ளி வந்தீர்கள். கயிற்றை இழுத்தீர்கள். வளையம் சிக்கிக்கொண்டது. ஓங்கி இழுத்தீர்கள், கயிறு அறுந்து கையோடு வந்தது. பாட்டில் நின்ற இடத்திலேயே விறைத்து நின்றது.

காற்றைப் பம்பு வழியாக இறக்க வழி கிடையாது, வால்வு விடாது. "சித்த நேரம் பொறுப்போம்" என்றீர்கள். பொறுத்தோம். அதற்குள் பாட்டிலின் அடிப்பக்கம் களிமண்ணைச் சுற்றி மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. தூரத்திலிருந்து உங்கள் ஒற்றைக் கண்ணுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தீர்கள்.

"ஏனுங்க! கிட்டப் போவாதீங்க!"

"நீ எப்பத்தான் கத்தல?" என்று திரும்பாமலே சிரித்தீர்கள்.

"ஏனுங்க, நில்லுங்க! ஏனுங்க!"

நிற்கவில்லை. கோழிக்கும் குச்சிக்கும் ஆறு வருடமாகக் கத்திக் கத்தி என் குரலை நானே செல்லாக்காசாக்கி வைத்திருந்தேன். பாட்டிலுக்கும் உங்களுக்கும் நான்கு தப்படி இருந்தது. ஓடிப் பிடிக்க முடியாது. நான் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்லாத ஊர் இது. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். அந்தப் பெயர் காட்டில் கேட்டதும் நீங்கள் அடிபட்ட மாதிரி நின்று, முழுசாக என் பக்கம் திரும்பினீர்கள். அந்த நேரம் வெடித்தது.

கொஞ்ச நேரம் காதில் ஒன்றுமே கேட்கவில்லை. உங்கள் சட்டை முதுகில் ஈரம், பிடரியில் ஒரு கீறல், ரத்தம். வளையம் உங்களைத் தாண்டிப் போய் மண்ணில் குத்தி நின்றது. திரும்பாமல் இருந்திருந்தால்? நான் ஓடி வந்து உங்கள் மார்பில் இரண்டு கையாலும் அடித்தேன். நீங்கள் என்னவோ, "ஏ புள்ள, என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்ட!" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வெட்கமாக வேறு இருந்தது உங்களுக்கு.

பாட்டில் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தீர்கள். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் எங்கே திட்டினீர்கள், என்றைக்காவது? மூன்றாம் நாள் நோட்டை மூடிவிட்டு, "எங்கணக்குத்தான் தப்பு. காத்தை சாஸ்தி அடிச்சுப்போட்டேன்" என்றீர்கள். அதற்கப்புறம் நாற்பதுக்கு மேல் நீங்கள் அடித்ததே இல்லை.

அங்கேதான் நான் செய்த பாவம் இருக்கிறது. பயம் தெளிந்த பிறகும் நான் சொல்லவில்லை. சொன்னால் நல்ல பாட்டில் தேடிப் போவீர்கள், மறுபடி எண்பது அடிப்பீர்கள். நாற்பதில் நீங்கள் நிற்பது எனக்கு வசதியாக இருந்தது. ராக்கெட் அந்த மரத்தின் பாதி உயரம் போய்த் திரும்பும். நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "போதும் புள்ள, இது போதும்" என்பீர்கள். போதாது என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டே ஐந்து வருடம் உங்களுக்குச் சோறு போட்டேன்.

போன மாசியில் மிளகுக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஜீப்பில் உங்கள் தலை என் மடியில். "கெட்டியாப் புடிச்சுக்கங்கக்கா" என்று டிரைவர் வண்டியை விரட்டினார். மலை இறக்கத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் பலகையில் நம்பர் இருக்கிறதே, அறுபதாவது வளைவில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அழுவாத புள்ள" என்றீர்கள். சரி, ஐம்பதில் சொல்லலாம். ஐம்பது வந்தது. இந்த நேரத்திலா என்று விட்டேன். நாற்பதில் உங்கள் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. முப்பத்தொன்றில் விட்டுவிட்டது.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். காட்டில் கத்தியதைவிடப் பெரிதாக, டிரைவர் வண்டியை நிறுத்தும் அளவுக்குக் கத்தினேன். நீங்கள் திரும்பவில்லை. இத்தனை வருடம் நான் காவல் காத்த அந்தக் கண் திறந்தபடியே இருந்தது. என் கையால்தான் மூடினேன்.

கீழே ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவருக்குக் கேட்டது. உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ, தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றியது நான்தானுங்க. நீங்கள் போட்ட கணக்கு சரி. எண்பது தாங்கியிருக்கும். அந்த மரத்தைத் தாண்டியிருப்பீர்கள்.